சரக்கறையில் எழுதப்பட்ட வரலாறு: நீலகிரி வகைப் போர்க்கப்பல்களும் அவற்றின் உதிரிப்பாகங்களும்

போர்க்கப்பலின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மூன்று நாள்களைக் குறிப்பிடுவர்: கட்டுமானம் தொடங்கிய நாள், கப்பல் நீரில் இறக்கப்பட்ட நாள், கடற்படைப் பணியில் சேர்க்கப்பட்ட நாள். ஐ.என்.எஸ். நீலகிரிக்கு அவை 1966 அக்டோபர், 1968 அக்டோபர், 1972 ஜூன் 3. இரண்டாவது நிகழ்வில் பிரதமர் இந்திரா காந்தி கலந்துகொண்டு கப்பலை நீரில் இறக்கினார். இந்தியாவில் கட்டப்பட்ட முதல் பெரிய போர்க்கப்பல் என்ற பெருமையும் இதற்கு உண்டு. பாடநூல்களும் நினைவு மலர்களும் இவ்விடத்தோடு நின்றுவிடுகின்றன.

நீலகிரியோ அதன்பின் 24 ஆண்டுகள் கடலில் உழைத்தது. அதனோடு பிறந்த ஏனைய ஐந்து கப்பல்களில் கடைசியாக ஓய்வுபெற்ற தாராகிரி 2013 வரை பணியில் இருந்தது. விழா மேடையிலிருந்து இறங்கிய கப்பலை இத்தனை ஆண்டுகள் ஓடவைத்தவை எவை? கொதிகலனின் குழாய்கள், எரியறையின் தீச்செங்கற்கள், நீரேற்றும் பம்புகளின் பேரிங்குகள், இணைப்புகளில் இடும் கேஸ்கட்டுகள், ராடாரின் உள்ளே ஒளிரும் வால்வுகள் ஆகியவையே. இவை தேயும், உடையும், மாற்றப்பட வேண்டும். மாற்றுவதற்கான பாகம் எங்கே செய்யப்படுகிறது, யார் தருகிறார், தர மறுத்தால் என்ன நேரும் என்ற வினாக்களே சுதந்திர இந்தியாவின் கடற்படை வரலாற்றின் மையத்தில் உள்ளவை. அவ்வரலாற்றின் மூல ஆவணங்கள் விழா உரைகளைவிடச் சரக்கறைப் பதிவேடுகளிலேயே மிகுதியாகக் கிடைக்கும்.

லியாண்டர் என்னும் மூலவடிவம்

ஃபிரிகேட் என்பது நடுத்தர அளவுள்ள போர்க்கப்பல். வணிகக் கப்பல் அணிகளையும் பெரிய போர்க்கப்பல்களையும் நீர்மூழ்கிகளிடமிருந்து காப்பது அதன் முதற்பணி. இரண்டாம் உலகப் போரின் முடிவில் நீருக்கடியில் விரைந்து செல்லும் நீர்மூழ்கிகள் தோன்றின. அவற்றைத் துரத்தவல்ல வேகமான காவற்கப்பல்கள் தேவைப்பட்டதால் பிரிட்டன் ‘வகை 12’ என்ற வடிவமைப்பை உருவாக்கியது. கொந்தளிக்கும் கடலிலும் வேகம் குறையாமல் செல்லும் உடலமைப்பு அதன் சிறப்பு. அவ்வுடலைக் கொண்டே, பலவகைப் பணிகளுக்கும் பயன்படும் கப்பலாக 1960களில் வளர்க்கப்பட்டது லியாண்டர் வகை. முதற்கப்பல் 1963இல் பணியில் சேர்ந்தது. பிரிட்டிஷ் கடற்படைக்கு மட்டும் 26 கப்பல்கள் கட்டப்பட்டன. நியூசிலாந்து, சிலி ஆகிய நாடுகளும் இவ்வகைக் கப்பல்களை வாங்கின; நெதர்லாந்து தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்துத் தானே ஆறு கப்பல்களைக் கட்டிக்கொண்டது.

இந்தியக் கடற்படைக்கு ‘வகை 12’ அந்நியமானதன்று. 1960ஐ ஒட்டிப் பிரிட்டனிலிருந்து வந்த தல்வார், திரிசூல் ஆகிய கப்பல்கள் அவ்வடிவத்தையே சார்ந்தவை. 1960களின் நடுப்பகுதியில் லியாண்டரைத் தேர்ந்தெடுத்தபோது இந்தியா வேறொரு வழியை நாடியது. அரசு 1960இல் கையகப்படுத்தியிருந்த பம்பாயின் மசகான் கப்பல்கட்டும் தளத்தில், விக்கர்ஸ், யாரோ ஆகிய பிரிட்டிஷ் நிறுவனங்களின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு கப்பல்களைக் கட்டுவது என முடிவாயிற்று. வணிகக் கப்பல்களைப் பழுதுபார்த்துப் பழகிய ஒரு தளம் நீராவிச் சுழலிகளால் இயங்கும் போர்க்கப்பலைக் கட்ட முனைந்தது.

ஆறு கப்பல்கள் அடுத்தடுத்துப் பணியில் சேர்ந்தன: நீலகிரி 1972, ஹிம்கிரி 1974, உதயகிரி 1976, துனாகிரி 1977, தாராகிரி 1980, விந்தியகிரி 1981. ஆறும் மலைப்பெயர்கள். முதற்பெயர் தமிழ்நாட்டு மலைத்தொடருக்கு உரியது. இரண்டு கொதிகலன்கள், இரண்டு நீராவிச் சுழலிகள், இரண்டு உந்துதண்டுகள், 30,000 குதிரைத்திறன் என்பதே இவற்றின் இயந்திர அமைப்பு.

இக்கட்டுமானத்தின் உண்மையான பயன் அடுத்த பத்தாண்டுகளிலேயே புலப்பட்டது. கப்பலை வாங்கும் நாட்டிற்குக் கப்பலும் கையேடும் கிடைக்கும். கட்டும் நாட்டிற்கு வரைபடங்கள் கிடைக்கும். எந்தப் பாகம் எந்த உலோகத்தால், எத்தனை நுட்பமான அளவில், யாரால் செய்யப்பட்டது என்ற அறிவும் கிடைக்கும். ஒரு பாகத்தைப் பொருத்திய கை, பின்னர் அதனைக் கழற்றிச் சீர்செய்யவும் அறியும்.

மூன்று அடுக்குகள்

கப்பலின் உதிரிப்பாகங்களைக் கடற்படைகள் மூன்று அடுக்குகளாகப் பிரித்து வைக்கின்றன. முதலடுக்கு கப்பலிலேயே இருக்கும். நடுக்கடலில் பம்பு ஒன்று நின்றால் மாலுமிகளே மாற்றிக்கொள்ள வேண்டிய பேரிங்குகள், கேஸ்கட்டுகள், உருகிகள் போன்றவை இதில் அடங்கும். இரண்டாம் அடுக்கு கரையிலுள்ள தளங்களிலும் கிடங்குகளிலும் இருக்கும். கப்பல் பெரும் பழுதுபார்ப்புக்கு வரும்போது தேவைப்படும் முழுமையான பம்புகள், மோட்டார்கள், குழாய்த் தொகுதிகள் அங்கே காத்திருக்கும். மூன்றாம் அடுக்கு காப்பீடு போன்றது. உந்துவிசிறியோ, தண்டோ, சுழலியின் சுழல்பகுதியோ பழுதாவது அரிது. பழுதானால் புதிதாகச் செய்து முடிக்க நெடுங்காலம் ஆகும். எனவே ஒருபோதும் பயன்படாமல் போகலாம் என்று அறிந்தே அவற்றை வாங்கி வைப்பர்.

இம்மூன்றிற்கும் கப்பலை வாங்கும்போதே பணம் ஒதுக்க வேண்டும். அயல்செலாவணி அரிதாக இருந்த 1960களில் இது எளிதன்று. 1966 ஜூனில் ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76இலிருந்து 7.50ஆகக் குறைக்கப்பட்டது. நீலகிரியின் கட்டுமானம் தொடங்கியது அதே ஆண்டு அக்டோபரில். பிரிட்டனிலிருந்து வரவேண்டிய ஒவ்வொரு பாகத்தின் ரூபாய் விலையும் ஒரே இரவில் ஏறக்குறைய ஒன்றரை மடங்காயிற்று. இத்தகைய நெருக்கடியில் முதலில் வெட்டுப்படுவது உதிரிப்பாகச் செலவே. புதிய கப்பலைப் படம் எடுக்கலாம். கிடங்கில் எண்ணெய்த்தாள் சுற்றி வைக்கப்பட்ட தண்டைப் படம் எடுப்போர் இல்லை.

பணத்தை விடவும் பெரிய அச்சம் ஒன்று ஓராண்டுக்கு முன்பே வெளிப்பட்டிருந்தது. 1965 செப்டம்பரில் இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபோது அமெரிக்காவும் பிரிட்டனும் ராணுவத் தளவாட விநியோகத்தை நிறுத்தின. தடை நீண்டகாலம் நீடிக்கவில்லை என்றாலும் பாடம் நிலைத்தது. கப்பலை விற்ற நாடு அதனைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதில்லை. உதிரிப்பாகப் பெட்டியை அனுப்பாமல் இருந்தாலே போதும். அதே ஆண்டில் இந்தியா சோவியத் ஒன்றியத்துடன் போர்க்கப்பல்களுக்கும் நீர்மூழ்கிகளுக்கும் உடன்பாடு செய்துகொண்டது. இதன் விளைவாக ஒரே கடற்படைக்குள் இரண்டு உதிரிப்பாக உலகங்கள் உருவாயின. பம்பாயில் பிரிட்டிஷ் மரபு. விசாகப்பட்டினத்தில் சோவியத் மரபு. ஒன்றின் கையேடு ஆங்கிலத்தில். மற்றொன்றின் மூலம் ரஷ்ய மொழியில்.

அங்குலமும் மில்லிமீட்டரும்

நீலகிரியின் கட்டுமானத்தில் ஒரு முரண் பொதிந்திருந்தது. இந்தியா 1956இல் எடை, அளவைச் சட்டம் இயற்றி மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கியது. 1960களில் பள்ளிகளும் தொழிற்சாலைகளும் கிலோகிராமுக்கும் மில்லிமீட்டருக்கும் பழகிக்கொண்டிருந்தன. லியாண்டரோ 1950களின் பிரிட்டிஷ் வடிவமைப்பு. அதன் வரைபடங்கள் அடியிலும் அங்குலத்திலும் வரையப்பட்டவை. நாடு கைவிட்டுக்கொண்டிருந்த அளவைமுறையில் நாட்டின் மிகச் சிக்கலான இயந்திரம் கட்டப்பட்டது.

இச்சிக்கல் கணக்குப் போட்டுத் தீர்க்கக்கூடியதன்று. பிரிட்டனில் 19ஆம் நூற்றாண்டிலிருந்து வழங்கிய விட்வொர்த் மரையின் கோணம் 55 பாகை. மெட்ரிக் மரையின் கோணம் 60 பாகை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனும் அமெரிக்காவும் கனடாவும் ஏற்றுக்கொண்ட பொது மரைக்கும் கோணம் 60 பாகையே. ஆனால் அதன் இடைவெளி அங்குலக் கணக்கில் அமைந்தது. கண்ணுக்கு ஒத்துத் தோன்றும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்று பொருந்தும். மற்றொன்று இரண்டு சுற்று ஏறி இறுகிவிடும். பலவந்தமாக முறுக்கினால் மரை அழியும். உயரழுத்த நீராவி செல்லும் குழாயின் இணைப்பில் இத்தகைய பிழை உயிரிழப்பில் முடியக்கூடும். ஆகவே ஒரு சிறு பட்டறையில் ஒரு நட்டு செய்துகொடுக்கச் சொல்வதற்கும் முன்னால், அந்த மரையை வெட்டும் கருவி நாட்டில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டியிருந்தது.

மின்சாரத்திலும் இதே நிலை. லியாண்டரின் மின்னமைப்பு 440 வோல்ட், நொடிக்கு 60 சுழற்சி. இந்தியக் கரையின் மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. கப்பலின் மோட்டாரைக் கரை மின்சாரத்தில் நேரடியாக இணைத்தால் அதன் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும். சூடேறிப் பழுதாகவும் கூடும். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு மின்சாரம் தரவும் தனி மாற்றிகள் தேவைப்பட்டன. நாட்டுச் சந்தையில் எளிதாகக் கிடைக்கும் மோட்டார் ஒன்றை வாங்கிப் பொருத்திவிடலாம் என்ற வழியும் அடைபட்டது.

பாகத்திற்குப் பெயரிடுதல்

சரக்கறை என்பது ஒரு வகையில் அகராதி. ஆயிரக்கணக்கான பொருள்களுக்கு ஐயத்திற்கு இடமற்ற பெயர் இருந்தால் மட்டுமே தேவையான பாகம் தேவையான கப்பலை அடையும். பேச்சுமொழி இதற்குப் போதாது. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் ‘வால்வு’ என்ற ஒரே சொல் நீராவிக் குழாயைத் திறந்து மூடும் கருவியையும் குறிக்கும். ராடாரிலும் வானொலியிலும் உள்ள வெற்றிடக் கண்ணாடிக் குழலையும் குறிக்கும். லியாண்டரில் இரண்டுமே ஏராளம். வெறும் ‘வால்வு’ என்று எழுதிக் கேட்டால் இயந்திர அறைக்குரியது ராடார் அறைக்குப் போய்ச் சேரும்.

எனவே கடற்படைப் பட்டியல்கள் சொல்லின் வரிசையையே மாற்றிக்கொண்டன. பேச்சில் ‘வெண்கல அடைப்பு வால்வு’ என்பது பட்டியலில் ‘வால்வு, அடைப்பு, வெண்கலம்’ என்றாகும். பெயர் முன்னே வரும்; அடைகள் பின்னே வரும். ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் ஒருங்கே மாறான இவ்வரிசை, ஒத்த பொருள்களைப் பக்கம் பக்கமாக அடுக்கித் தேடுவதற்காக உருவானது. பெயரோடு எண்ணும் சேரும். பிரிட்டிஷ் கடற்படை தன் பொருள்களுக்குத் தனி மாதிரி எண்களை வழங்கியது. பின்னர் பரவலான நேட்டோ முறையில் ஒவ்வொரு பொருளுக்கும் 13 இலக்க எண் உண்டு. முதல் நான்கு இலக்கங்கள் பொருளின் வகுப்பையும், அடுத்த இரண்டு அதனைப் பதிந்த நாட்டையும் குறிக்கும். பிரிட்டனுக்கு 99, இந்தியாவிற்கு 72. உதிரிப்பாகத்தின் தாய்நாடு அதன் பெயரிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இவ்வெண்களை ஒப்பிடும் பணி சலிப்பூட்டுவது, ஆனால் பயன்மிக்கது. கப்பல்கட்டும் நிறுவனம் தன் எண்ணிட்டு விற்கும் பேரிங் ஒன்று, உண்மையில் பேரிங் தயாரிப்பாளர் ஒருவர் சந்தையில் வேறு எண்ணில் விற்கும் சாதாரணப் பொருளாக இருக்கலாம். அந்த ஒற்றுமையைக் கண்டறிந்தால், அயல்நாட்டிலிருந்து மாதக்கணக்கில் காத்திருந்து பெறவேண்டியது உள்ளூர்க் கடையில் கிடைக்கும். கண்டறியாவிட்டால் ஒரே பொருள் மூன்று பெயர்களில் மூன்று அலமாரிகளில் கிடக்க, நான்காவது முறையும் கேட்பு அனுப்பப்படும். 1962இல் இந்தியப் பாதுகாப்புத் துறையில் தரப்படுத்துதலுக்கெனத் தனி இயக்ககம் தோன்றியதன் பொருள் இங்கே விளங்கும்.

ஒரே வகை, ஆறு கப்பல்கள்

‘ஒரே வகை’ என்ற சொல் சரக்கறைக் காப்பாளருக்கு ஆறுதல் தருவது. ஆறு கப்பலுக்கும் ஒரே பாகம் பொருந்துமானால் கையிருப்பைக் குறைக்கலாம். நடைமுறையில் அது முழுமையாக நிறைவேறுவதில்லை. பிரிட்டனின் 26 லியாண்டர்களுக்குள்ளேயே மூன்று வகை இயந்திர அமைப்புகள் இருந்தன: முதல் பத்தில் ஒன்று, அடுத்த ஆறில் ஒன்று, கடைசிப் பத்தில் ஒன்று. இந்தியக் கப்பல்களிலும் முதற்கப்பலின் பிரிட்டிஷ் ராடார்களுக்கு மாறாகப் பின்வந்தவற்றில் நெதர்லாந்தின் சிக்னல் நிறுவன வடிவமைப்புகள் இடம்பெற்றன. கடைசி இரண்டான தாராகிரியிலும் விந்தியகிரியிலும் கப்பலின் பின்பகுதியே மாற்றியமைக்கப்பட்டது. சிறிய ஹெலிகாப்டருக்குப் பதிலாகப் பெரிய சீ கிங் ஹெலிகாப்டரை ஏற்றும்படி தளமும் கொட்டகையும் விரிவாயின. இம்மாற்றத்தை இந்தியக் கடற்படையின் வடிவமைப்பாளர்களே செய்தனர். போர்த்திறன் உயர்ந்தது, உதிரிப்பாகப் பட்டியலும் நீண்டது. ஒவ்வொரு மேம்பாடும் சரக்கறையில் ஒரு புதிய அலமாரியைக் கேட்கும்.

சில மேம்பாடுகளுக்குப் பின்னால் பெருந்துயரம் இருந்தது. 1971 டிசம்பர் 9 அன்று பிரிட்டனில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ். குக்ரி, பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோரின் தாக்குதலில் அரபிக் கடலில் மூழ்கியது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா உள்ளிட்ட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் உயிரிழந்தனர். நீருக்கடியில் ஒலியலைகளால் எதிரியைத் தேடும் சோனார் கருவி அக்கப்பலில் இருந்தது. நீர்மூழ்கியை உரிய தொலைவில் காணும் ஆற்றல் அதற்கு இருக்கவில்லை.

வாங்கிய கருவியை வாங்கியபடியே பேணுவது ஒரு நிலை. அதன் உள்ளமைப்பை அறிந்து மாற்றுவது அடுத்த நிலை. பொள்ளாச்சியில் பிறந்து கடற்படை அதிகாரியான ஆரோக்கியசாமி பால்ராஜ், டெல்லி ஐ.ஐ.டி.யில் பெற்ற ஆய்வறிவைக் கொண்டு பிரிட்டிஷ் 170பி சோனாரை மேம்படுத்தினார். பின்னர் கொச்சியில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் அவர் தலைமையில் அப்சோ என்ற உள்நாட்டுச் சோனார் உருவாயிற்று. பாரத் எலெக்ட்ரானிக்ஸ் அதனை உற்பத்தி செய்தது. 1983இல் அது முதலில் பொருத்தப்பட்ட கப்பல் நீலகிரி வகையின் இரண்டாம் கப்பலான ஹிம்கிரி. உதிரிப்பாகத்தை நாடி நின்ற நிலையிலிருந்து முழுக் கருவியையும் தானே படைக்கும் நிலைக்கு வந்த பயணம் ஒரே வகைக் கப்பலுக்குள் நிகழ்ந்தது.

தாய்க்கப்பல்கள் மறைந்தபின்

1970களிலிருந்து பிரிட்டன் தன் லியாண்டர்களைத் தொகுதி தொகுதியாக மாற்றியமைத்தது. சிலவற்றில் நீர்மூழ்கி எதிர்ப்பு ஏவுகணை, சிலவற்றில் கப்பல் எதிர்ப்பு ஏவுகணை, சிலவற்றில் வான்காப்பு ஏவுகணை இடம்பெற்றன. இதனால் பிரிட்டிஷ் கிடங்குகளில் இருந்தவை இந்தியக் கப்பல்களின் தேவையிலிருந்து மெல்ல விலகின. 1993 இறுதியில் கடைசி பிரிட்டிஷ் லியாண்டரான சில்லா ஓய்வுபெற்றது. தாய்க்கடற்படைக்கே தேவையற்றுப் போன பாகத்தை எந்த ஆலையும் தொடர்ந்து செய்யாது. ராடார் வால்வுகளின் நிலை இன்னும் கடினம். மின்னணுத் துறை முழுவதும் டிரான்சிஸ்டருக்கும் பின்னர் சில்லுகளுக்கும் மாறிவிட்டபின் அவற்றின் உற்பத்திக்கு வணிகக் காரணமே இல்லாது போயிற்று.

ஒவ்வொரு நாடும் இதற்கு ஒவ்வொரு விடை கண்டது. நெதர்லாந்தின் ஆறு கப்பல்களையும் 1980களில் வாங்கிய இந்தோனேசியா, பின்னாளில் அவற்றின் நீராவி இயந்திரங்களையே அகற்றி டீசல் இயந்திரங்களைப் பொருத்தியது. இந்தியாவோ நீராவியைத் தொடர்ந்தது. 1995இல் பிரிட்டனிடமிருந்து ஆண்ட்ரோமெடா என்ற லியாண்டரை வாங்கிக் கிருஷ்ணா என்று பெயரிட்டுப் பயிற்சிக் கப்பலாக்கவும் செய்தது. பழக்கமான இயந்திரம், பயின்ற பணியாளர்கள், ஏற்கெனவே உள்ள பட்டறை ஆகிய மூன்றும் இருந்ததால்தான் இத்தெரிவு இயன்றது.

பட்டறை என்று சொல்லும்போது அதன் உழைப்பையும் கருத வேண்டும். வரைபடம் கிடைக்காத பாகத்தை உள்நாட்டில் செய்ய, தேய்ந்த மாதிரியைக் கையில் எடுத்து, தேய்மானத்தைக் கழித்து மூல அளவைக் கணிக்க வேண்டும். உலோகத்தின் கலவையைச் சோதனைக்கூடத்தில் அறிய வேண்டும். புதிய வரைபடம் வரைய வேண்டும். பிறகு அதனைச் செய்ய இசையும் ஆலையைத் தேட வேண்டும். இங்கேதான் பெரும் தடை. ஆறு கப்பல்களுக்குத் தேவையானவை நான்கோ ஐந்தோ உருப்படிகள். அடுத்த கேட்பு எப்போது வரும் என்று உறுதி இல்லை. அச்சு செய்யும் செலவுக்கே அந்த எண்ணிக்கை கட்டுப்படியாகாது. பெரிய ஆலைகள் ஆர்வம் காட்டாதபோது இத்தகைய வேலை கடற்படையின் சொந்தப் பட்டறைகளையும் சிறுதொழில் முனைவோரையும் நம்பியே நிற்கும். பணியிலிருந்து விலக்கப்பட்ட கப்பலிலிருந்து பாகங்களைக் கழற்றி உடன்பிறந்த கப்பலுக்குப் பொருத்துவது உலகக் கடற்படைகள் எல்லாவற்றிலும் உள்ள வழக்கம். அதற்கும் எல்லை உண்டு. கழற்றுவதற்கு இன்னொரு கப்பல் மிஞ்சியிருக்க வேண்டும்.

இயந்திரத்தின் நீண்ட ஆயுள்

நீலகிரி வகையின் ஆழமான தாக்கம் அதனைத் தொடர்ந்த கப்பல்களில் தெரிகிறது. 1983இல் பணியில் சேர்ந்த ஐ.என்.எஸ். கோதாவரி இந்தியாவிலேயே வடிவமைக்கப்பட்டது. லியாண்டரைவிட நீளமானது, இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்களை ஏற்றவல்லது. ஏவுகணைகள் சோவியத்தைச் சேர்ந்தவை. போர்க் கணினி அமைப்பு இத்தாலியைச் சேர்ந்தது. இயந்திர அறையோ லியாண்டரின் அதே நீராவி மரபு, அதே 30,000 குதிரைத்திறன். மேற்கத்திய மின்னமைப்பும் சோவியத் ஆயுதங்களும் ஒரே உடலுக்குள் அமைந்ததால் மின்மாற்ற ஏற்பாடுகள் கூடின.

பெரிதாகிய கப்பலுக்கு ஏன் பழைய இயந்திரம்? பிற நாடுகள் எரிவாயுச் சுழலிகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம் அது. தொழில்நுட்பத்தில் பின்தங்கியதன் அடையாளமாக இதனைச் சிலர் கருதலாம். உதிரிப்பாகத்தின் கோணத்தில் பார்த்தால் அது தெளிந்த முடிவு. புதிய இயந்திரம் என்றால் புதிய நாடு, புதிய பட்டியல், புதிய சார்பு. பழைய இயந்திரத்திற்கோ உள்நாட்டில் செய்வோரும் சீர்செய்வோரும் இருந்தனர். அந்த மரபு கொல்கத்தாவில் கட்டப்பட்ட பிரம்மபுத்திரா வகை வரை நீண்டது. அதன் மூன்று கப்பல்களும் 2000, 2004, 2005 ஆகிய ஆண்டுகளில் நீராவிச் சுழலிகளோடு பணியில் சேர்ந்தன.

2004 மார்ச் மாதத்தில், இங்கிலாந்தின் கார்ன்வால் கரையருகே சில்லா கப்பல் செயற்கைப் பவளத்திட்டாகக் கடலடியில் இறக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூலையில் ஐ.என்.எஸ். பேட்வா இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. மூலவடிவம் கடலடியில் மீன்களுக்கு இல்லமான ஆண்டில், அதன் இயந்திர மரபு இன்னொரு நாட்டில் புதிதாகப் பணி தொடங்கியது.

‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்னும் சொல்

இவ்வரலாற்றை முழு வெற்றியாகப் படிப்பது பிழை. 1998 மே மாத அணுச்சோதனைகளுக்குப் பின் அமெரிக்கா தடைகள் விதித்தபோது சீ கிங் ஹெலிகாப்டர்கள் பல பறக்க முடியாமல் நின்றன. அவற்றை விற்றது பிரிட்டன். உள்ளிருந்த சில பாகங்களின் மூலம் அமெரிக்கா. விற்ற நாடு தர விரும்பினாலும் மூலநாடு மறுத்தால் பாகம் வராது. தாராகிரியின் கொட்டகையை இந்தியர் விரிவாக்கினர். அதற்குள் நின்ற ஹெலிகாப்டரின் ஆயுள் மூன்றாம் நாட்டின் கையில் இருந்தது. அண்மைக்காலச் சான்றும் உண்டு. ரஷ்யாவில் கட்டப்பட்ட ஐ.என்.எஸ். துஷில் 2024 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. அதன் எரிவாயுச் சுழலிகள் உக்ரைனைச் சேர்ந்தவை. 2014க்குப் பின் உக்ரைன் ரஷ்யாவிற்கு அவற்றை விற்க மறுத்ததால் இந்தியாவே உக்ரைனிடம் வாங்கி ரஷ்யக் கப்பல்கட்டும் தளத்திடம் ஒப்படைக்க நேர்ந்தது.

2025 ஜனவரி 15 அன்று புதிய ஐ.என்.எஸ். நீலகிரி பணியில் சேர்ந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் உதயகிரியும் ஹிம்கிரியும் விசாகப்பட்டினத்தில் சேர்ந்தன. பழைய மலைப்பெயர்கள் மீண்டும் கடலுக்கு வந்தன. இவற்றில் உள்நாட்டுப் பங்கு ஏறத்தாழ 75 விழுக்காடு என்று அரசு அறிவிப்புகள் கூறுகின்றன. இவற்றின் எரிவாயுச் சுழலிகள் எல்.எம். 2500 என்னும் அமெரிக்க வடிவமைப்பு.

விழுக்காடு என்பது விலையின் கணக்கு. எஃகின் விலையும் உழைப்பின் விலையும் அதில் சேரும். கப்பல் நிற்பது வேறொரு கணக்கால். விலையில் நூற்றில் ஒன்றும் தேறாத அடைப்பு வளையம் ஒன்று இல்லாமல் போனால் மீதி தொண்ணூற்றொன்பதும் துறைமுகத்தில் கட்டிக் கிடக்கும். எனவே ‘எத்தனை விழுக்காடு உள்நாட்டினது?’ என்ற வினாவைவிட, ‘எந்தப் பாகம் இல்லாவிட்டால் கப்பல் நிற்கும், அதனை யார் செய்கிறார்?’ என்ற வினாவே வரலாற்று மாணவர்க்கும் கொள்கை வகுப்போர்க்கும் உகந்தது. ‘உள்நாட்டுத் தயாரிப்பு’ என்ற சொல்லின் பொருளை அளக்கும் கோல் அதுவே.

பழைய நீலகிரி 1996இல் ஓய்வுபெற்றது. மறு ஆண்டு ஏப்ரலில் கடற்படை விமானத்தின் ஏவுகணைப் பயிற்சிக்கு இலக்காகிக் கடலில் மூழ்கியது. இன்று அதன் எஃகில் எதுவும் கரையில் இல்லை. அது விட்டுச்சென்றது வேறொன்று: அங்குல வரைபடத்தை மில்லிமீட்டரில் மறுவரைவு செய்யக் கற்ற வரைவாளர்கள், ஒரே பேரிங்கின் மூன்று பெயர்களைக் கண்டுபிடித்த சரக்கறைக் காப்பாளர்கள், நான்கே உருப்படிகளுக்காக அச்சு செய்த பட்டறைகள். இவர்களின் பெயர்கள் விழாக் கல்வெட்டுகளில் இல்லை. கப்பல்கட்டும் தளங்களின் பதிவேடுகளும் கிடங்குகளின் அட்டைகளும் கழிவுத்தாளாகப் போகும் முன்னர் அவற்றைத் தேடிப் படிக்கும் ஆய்வாளரே அவர்களை வரலாற்றில் சேர்க்க இயலும்.